இருசாயி கேட்ட சத்தியம்

அர்த்தனாரி முதன்முதலில் மலையேறி வந்தபோது கையில் கத்தியும் இல்லை, கம்பும் இல்லை. ஒரு ஜோடி ஜால்ராதான் இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டியில் விடியற்காலம் கிளம்பினால் முட்டி கழன்று விழுகிற மாதிரி ஏறி, மத்தியானத்துக்கு மேல்தான் மலைக்கு வந்து சேரலாம். அப்படி வியர்க்க விறுவிறுக்க ஏறி வந்தவன் ஈச்சவளவுச் சாவடியில் உட்கார்ந்து சாயங்காலம் பஜனை பாடினான். பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் கை நிறையப் பொரிகடலை கொடுத்தான். கார்த்திகை மாதம், சாமை அறுப்பு முடிந்து களம் ஓய்ந்திருந்தது. வேலையும் இல்லை, வேடிக்கையும் இல்லை. ஊரே சாவடியில் கூடிவிட்டது.

பொல்லாத காரியத்துக்கு ஆள் பிடிக்க வருகிறவன் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வருவான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையவே கிடையாது. அவன் சிரித்துக்கொண்டுதான் வருவான். நம்மை அண்ணன் என்பான், தம்பி என்பான். யார் வீட்டில் எது குறைந்திருக்கிறது, யார் நெஞ்சில் எது புண்ணாகிக் கிடக்கிறது என்று நிதானமாகப் பார்த்துக்கொள்வான். அர்த்தனாரிக்கு அந்தப் பார்வை நன்றாகவே இருந்தது. வந்த இரண்டாவது தடவையே அவன் இருசாயி வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான்.

இருசாயி பஜனைக்கே போகாதவள். ஐப்பசி மழையில் அவளுடைய மகன் சின்னராசு காய்ச்சலில் போய்விட்டான். பலாமரத்தில் கிடுகிடுவென்று ஏறுகிற வயசு. அவனுக்குப் பிறகு பொன்னி என்று ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் நடை பழகி ஓடத் தொடங்கியிருந்தாள். முதலில் ஊர்ப் பெண்கள் கூட உட்கார்ந்து அழுதார்கள். அப்புறம் அவரவருக்கு அவரவர் காடு, அவரவர் அடுப்பு. பையன் பேச்சை எடுத்தால் இருசாயி அழுவாள் என்று, அவன் பேச்சையே யாரும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் இருசாயிக்கு அது மகன் இரண்டாம் தரம் செத்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் அர்த்தனாரி வந்து வாசற்கல்லில் உட்கார்ந்து, "பையன் பேரு என்ன தங்கச்சி?" என்று கேட்டான். அவனுக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பான் என்றெல்லாம் கேட்டான். இருசாயி சொல்லச் சொல்ல அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணீர் பொய் என்று அவளால் இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாது. அவளுக்கு அவன் பேரில் அப்படி ஒரு வாஞ்சை வந்தது. கூடப் பிறந்தவன் வந்த மாதிரி கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டாள்.

கடைசி நாட்களில் என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று கேட்டான். இருசாயி ஒளிக்காமல் சொன்னாள். கண் சொருகிக் கிடந்த பிள்ளைக்கு மருந்து வேண்டும் என்று அவள் புருஷன் சென்றாயன், மலையிறங்கிக்கொண்டிருந்த உப்பு விற்க வருகிற ராவுத்தரைத் துரத்திக்கொண்டு ஓடினான். ராவுத்தர் கீழே போய், தபாலாபீசில் பொட்டலம் போட்டு விற்கிற காய்ச்சல் மருந்தான கொயினாவை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் திரும்ப ஏறி வந்தார். கரைத்துக் கொடுத்தார்கள். காலம் கடந்துவிட்டது, பிள்ளை தங்கவில்லை.

அர்த்தனாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டான். அந்த வெள்ளைப் பொடி கசப்பாக இருந்ததா? அதைக் குடித்த பிறகுதானே பையன் போனான்? ஆமாம் என்றாள் இருசாயி. இரண்டும் உண்மைதானே. அர்த்தனாரிக்கு அந்த இரண்டு உண்மையே போதுமானதாக இருந்தது. நடுவில் வைப்பதற்கு வேண்டிய பொய்யை அவன் கீழேயிருந்தே கொண்டுவந்திருந்தான்.

தாவூது ராவுத்தர் சேந்தமங்கலத்துக்காரர். இரண்டு கழுதைகள்மேல் உப்பு, கருவாடு, சீமெண்ணெய், சீலைத்துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு மாதத்தில் ஓரிரு தடவை மலைக்கு வருவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். மலையில் மிளகு விளையும், பலா விளையும், சாமை விளையும். உப்பு விளையாது. மலைக்காரர்கள் வாயில் ருசி என்று ஒன்று இருந்தால் அது ராவுத்தர் முதுகு வளைந்து ஏறியதால் வந்தது. குழந்தைகள் அவரை மாமா என்று கூப்பிடும். சின்னராசுவின் குழியில் போட்ட உப்பும் அவர் மூட்டையிலிருந்து எடுத்ததுதான். அதற்குக் கைநீட்டி எதுவும் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இந்த மனிதரை எதிரியாக்குவது லேசான வேலை இல்லை. ஆனால் அர்த்தனாரி கெட்டிக்காரன். எடுத்த எடுப்பில் ராவுத்தர் பெயரைச் சொல்லவே இல்லை. மலைக்காரர்கள் ஊரை வளவு என்பார்கள்; அடுத்த வளவில் செங்கோடன் என்று ஒருவன். அவனுடைய தகப்பன் காலத்திலிருந்து சாமை விதைத்த சரிவை, சர்க்கார் காடு என்று சொல்லி ரேஞ்சர் கல் நட்டுப் பிடுங்கிக்கொண்டார். செங்கோடன் அடுப்பில் பூனை தூங்குகிறது. அவன் வயிறு எரிகிறது, எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலை அர்த்தனாரி ஊதிக் கொடுத்தான். உன் நிலத்தின் விவரம் ரேஞ்சருக்கு எப்படித் தெரிந்தது தம்பி, மலைக்கு மேலேயும் கீழேயும் போய்வருகிறவன் யார், நம்ம ஜாதி, நம்ம சாமி, நம்ம மண் என்று எதுவும் இல்லாதவன் யார் என்று கேட்டான். விடையைச் சொல்லவில்லை. செங்கோடனையே சொல்ல வைத்தான். தன் வாயால் சொன்ன விடையைச் செங்கோடன் அப்புறம் எதற்காகச் சந்தேகப்படப் போகிறான்?

இதில் ஒரு சௌகரியம் இருந்தது. ரேஞ்சர் மேல் கை வைத்தால் ஜெயில். ராவுத்தர் மேல் கை வைத்தால் கேட்பதற்கு நாதி இல்லை. வெறுப்பை விற்க வருகிறவன் எப்போதும் அடிக்கத் தோதான ஆளைத்தான் காட்டுவான். அடித்தவனை அவன் காட்டவே மாட்டான்.

மார்கழியில் 'மலைக்காவல் சபை' என்று ஒன்று முளைத்தது. சேர்ந்தவர்களுக்குக் கையில் ஒரு செப்புக் காப்பு. சாவடியில் சிலம்பம் சொல்லிக் கொடுத்தார்கள். நேற்றுவரை பொண்டாட்டிகூட மதிக்காத ஆண்களை அர்த்தனாரி சிங்கங்களே என்று கூப்பிட்டான். காப்புப் போட்டவன் போடாதவனோடு உட்கார்ந்து பேசுவதைக் குறைத்துக்கொண்டான். சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்கள். ராவுத்தரிடம் உப்பு வாங்காதே, அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே, அவர் கழுதைக்குத் தண்ணீர் காட்டாதே என்றார்கள். இதெல்லாம் பெரிய பாவமா என்ன? ஒன்றைச் செய்தவனுக்கு அடுத்தது லேசாகிவிடும். செய்ததைச் சரி என்று சொல்லிக்கொள்ளவே அடுத்ததையும் செய்தாக வேண்டும்.

சென்றாயன் கையிலும் காப்பு ஏறியது. இருசாயி அதைத் தப்பாக நினைக்கவில்லை. மகன் போனதிலிருந்து களைக்கொத்தைக்கூடத் தூக்காமல் கிடந்த மனுஷன், எழுந்து நாலு பேரோடு போய் வருகிறானே என்று சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஓடையில் துணி துவைக்கும்போது போய்விட்டது. பக்கத்து வளவுக்காரி ஒருத்தி அவள் தோளைத் தொட்டு, ராவுத்தன் கொடுத்த விஷப் பொடியைக் குடித்ததும் உன் பையன் உதடு கருத்துப்போச்சாமே, பாவி நீ எப்படித்தான் தாங்கினாயோ என்று அழுதாள். இருசாயி துவைப்பதை நிறுத்தினாள். கசப்பு, வெள்ளைப் பொடி, குடித்த பிறகு போனான் என்று எல்லாம் அவள் வாசலில் அவள் சொன்ன சொற்கள்தான். உதடு கருத்தது மட்டும் புதுசு. இதை யார் சொன்னது என்று கேட்டாள். பஜனையில் சொன்னார்கள், நாடு பூராவும் தெரியுமே, உன் மகனுக்காகத்தானே எங்க வளவு ஆம்பளைகளும் காப்புப் போட்டிருக்கிறார்கள் என்றாள் அவள்.

இருசாயி துணியைப் பிழியாமல் அப்படியே கல்லின்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அர்த்தனாரிமேல் வந்த கோபத்தைவிடத் தன் வயிற்றிலிருந்து எதையோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற ஆங்காரம்தான் பெரிதாக இருந்தது. அவளும் புருஷனும் தவிர யாரும் வாயில் எடுக்காத பிள்ளையின் பெயர், ஊர் ஊராக, பொரிகடலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

தை பிறப்பதற்கு முன் ராவுத்தர் ஏறி வந்தார். ஊருக்குக் கீழே பாதை குறுகுகிற இடத்தில் சபைக்காரர்கள் நின்றார்கள். யாரோ ஒருவன் கழுதையின் மூட்டைக் கயிற்றை அறுத்துவிட்டான். உப்பு பாதை நெடுக வெள்ளையாகக் கொட்டிச் சேற்றில் கலந்தது. சத்தம் கேட்டு இருசாயி ஓடி வந்தபோது, ராவுத்தர் குந்தி உட்கார்ந்து தேக்கிலையால் உப்பை வழித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சென்றாயனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் மூஞ்சிக்குப் பொருந்தவே இல்லை. அவன் கையில் கொடுவாள் இருந்தது.

இருசாயி பக்கத்தில் உட்கார்ந்து உப்பு வழிக்கப் போனாள். ராவுத்தர் தலை நிமிராமல் மெதுவாக, "நீ ஊட்டுக்குப் போ தாயி. நீ நின்னா அவங்களுக்கு இன்னும் வெறி ஏறும்" என்றார். அவள் போகவில்லை. மூட்டை கட்டுகிறவரை கூடவே இருந்து வழித்தாள். ஒருவனும் கிட்டே வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவளுக்காகத்தானே இவ்வளவும் என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் அவளை எப்படித் தள்ளுவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் புருஷனை நிறுத்தி வைத்துக் கேட்டாள். அவன் முதலில் மழுப்பினான். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினான். மாட்டுப் பொங்கலன்று பெரியசாமி கோயிலில் நாட்டுக்கூட்டம்; மலையில் பல வளவுகள் சேர்ந்ததுதான் ஒரு நாடு. மற்ற வளவுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அங்கே இருசாயி எழுந்து நின்று, ராவுத்தன் விஷம் கொடுத்துத்தான் என் மகன் செத்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அத்தனை வளவும் காப்புக் கட்டும். அடுத்த தடவை ராவுத்தர் வரும்போது பாதையில் நாலு பேர் நிற்பார்கள். கயிற்றை மட்டும் அறுக்க அல்ல.

தாண்ட வேண்டுமே என்றாள் இருசாயி.

அது மலை வழக்கம். ஒருவன்மேல் பெரிய பழி போடுகிறவன், சாமி முன்னால் தன் பிள்ளையைத் தரையில் கிடத்தித் தாண்டிச் சத்தியம் பண்ண வேண்டும். சொன்னது நிஜமென்றால் பிள்ளைக்கு ஒரு கேடும் வராது. பொய்யென்றால் பிள்ளை தக்காது. கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் போகாத மலையில் அதுதான் பெரிய கோர்ட்டு. அதனாலேயே அங்கே சில்லறைச் சண்டை உண்டு, அபாண்டம் மிகவும் குறைவு.

தாண்ட வேண்டாமாம் என்றான் சென்றாயன். பெற்றவள் அழுதுகொண்டு சொன்னால் அதுவே சத்தியம் மாதிரிதான் என்று அர்த்தனாரி அண்ணன் சொல்லிவிட்டாராம்.

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். "ஏனுங்க, ராவுத்தர் பொறத்தால மழையில ஓடுனது நீங்கதான. அவரு கொன்னாருன்னு நீங்க நம்பறீங்களா?"

சென்றாயன் காப்பைச் சுற்றிச் சுற்றித் திருகினான். "எவனோ ஒருத்தன் கொன்னான்னு நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது புள்ள" என்றான்.

இருசாயிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. அர்த்தனாரி வந்து போன அன்று அவளும்தான் நன்றாகத் தூங்கினாள். காய்ச்சலை யார் போய் அடிக்க முடியும்? மழையை யார் வழிமறிக்க முடியும்? ஆளென்று ஒருவன் கிடைத்தால் நெஞ்சுக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. அந்த ஆறுதலுக்கு ஒரு நிரபராதியின் உயிர் விலை என்றால் அது தனக்கு வேண்டாம் என்று அவள் தீர்மானித்தாள். தூங்காமல் கிடந்தாலும் கிடக்கிறேன், என் பிள்ளையை வைத்து ஒருத்தனும் இன்னொரு பெண்ணின் தாலியை அறுக்கக் கூடாது என்று நினைத்தாள். புருஷனிடம், கூட்டத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மாட்டுப் பொங்கலன்று பெரியசாமி கோயில் முன்னால் கூட்டம் நெரிந்தது. நாட்டுக்கு மூத்தவர் காளியண்ணக் கவுண்டர், அரசமரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தப் பக்கம் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நியாயத்தைத் தேடுவார். அன்றைக்குக் காப்புப் போட்ட கைகள் அதிகமாக இருந்ததால் கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டிருந்தார்.

அர்த்தனாரி பேசினான். குரல் தழுதழுக்கச் சின்னராசுவைப் பற்றிப் பேசினான். அவன் பலாமரம் ஏறுவதையும் அவன் சிரிப்பதையும் பேசினான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இனி எந்தத் தாய்க்கும் இந்தக் கதி வரலாமா என்று கேட்டான். கம்புகள் தரையைத் தட்டின. இதோ அந்தத் தாய் வந்திருக்கிறாள், அவள் வாயாலேயே கேளுங்கள் என்று இருசாயியைக் கைகாட்டினான்.

இருசாயி பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"என்ற மவன் காய்ச்சல்ல செத்தானுங்க. மருந்து வர்றதுக்கு முந்தியே கண்ணு சொருகிப் போச்சு. ராவுத்தர் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நாங்க கேட்டோம், அவரு மழைன்னு பாக்காமக் கொண்டாந்து குடுத்தாரு."

கூட்டம் சலசலத்தது. அர்த்தனாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவனை மன்னிக்கலாம். அவன் இரக்கப்பட்டான். பாவம், பெற்ற வயிறு, புத்தி பேதலித்துப் பேசுகிறது, ராவுத்தன் என்ன சொல்லி மயக்கினானோ என்று தலையை ஆட்டினான். பிறகு, வீட்டுக்கு ஆம்பிளை நீ இருக்கிறாய், நீ சொல் சென்றாயா என்றான். செங்கோடனும் மற்றவர்களும் சென்றாயனை முன்னால் தள்ளினார்கள். அத்தனை காப்புக் கைகளும் அவன் முதுகில் இருந்தன. அவன் பொண்டாட்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, ராவுத்தர் கொடுத்த பொடியில்தான் பையன் செத்தான் என்று சொல்லிவிட்டான்.

இருசாயி இடுப்பிலிருந்த பொன்னியை இறக்கிக் கோயிலுக்கு நேராக மண்ணில் மல்லாக்கக் கிடத்தினாள். அந்தக் குழந்தை இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அப்பனைப் பார்த்துச் சிரித்தது.

"தாண்டுங்க" என்றாள் இருசாயி.

கம்புச் சத்தம் நின்றுவிட்டது. காளியண்ணக் கவுண்டருக்குக் கண் முழுசாகத் திறந்தது. ஆள் கணக்குப் பார்க்கிறவர்தான், ஆனால் சாமி முன்னால் வழக்கத்தை வேண்டாம் என்று சொல்கிற தைரியம் அவருக்கு இல்லை. பழி சொன்னவன் தாண்டத்தான் வேண்டும் என்றார்.

இருசாயிக்கு இருக்கிற ஒரே பிள்ளை. புருஷன் அந்தக் கும்பலுக்குப் பயந்து பொய்யாகத் தாண்டிவிட்டால்? சாமி கண்ணை மூடிக்கொள்ளுமா? அவளுக்கு இது வெறும் சடங்கு இல்லை, அப்பட்டமான உயிர்ப் பயம். ஆனாலும் குழந்தையைத் தூக்கவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்றாயன் காலைப் பெயர்க்கவே இல்லை. நட்ட கல்லாட்டம் நின்றான். நேரம் ஆக ஆகக் கூட்டம் அவனைப் பார்த்துக் கிசுகிசுக்கத் தொடங்கியது. காரியம் கெட்டுப்போகப் போகிறது என்று அர்த்தனாரிக்குத் தெரிந்துவிட்டது. அவன் அடிவாரத்துக்காரன். அவன் ஊரில் சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு மறுநாள் மாற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. இதென்ன பெரிய மலையைப் புரட்டுகிற வேலையா, சபைக்காக நானே தாண்டிக் காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தான். மலைக்காரர்கள் தன் தைரியத்தை மெச்சுவார்கள் என்று நினைத்தான்.

அடுத்தவன் பிள்ளையை வைத்துச் சத்தியம் பண்ணுவது அங்கே யாரும் கண்டதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது. அர்த்தனாரி குழந்தைக்கு மேலே காலைத் தூக்கினான்.

சென்றாயன் தடாலென்று விழுந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அர்த்தனாரி தடுமாறிப் பின்னால் சாய்ந்தான். பொன்னி பயந்து வீரிட்டு அழுதாள்.

இருசாயி குனிந்து புருஷனிடம் கேட்டாள். கூட்டம் முழுக்கக் கேட்டது. "ஏனுங்க புடிக்கறீங்க? நெசமா இருந்தா உடுங்க. நெசத்துக்குத் தாண்டுனா நம்ம புள்ளைக்கு என்னங்க ஆவப்போவுது?"

சென்றாயன் காலை விடவில்லை. மண்ணில் முகத்தை வைத்து அழுதான். மகன் செத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. காளியண்ணக் கவுண்டர் எழுந்து வந்து, என்னப்பா, தாண்டலாமா வேண்டாமா என்று கேட்டார். சென்றாயன், "வேண்டாமுங்க. நெசமில்லீங்க. புள்ள காய்ச்சல்லதான் போனான்" என்றான்.

கவுண்டர் அர்த்தனாரியிடம் திரும்பி, உங்களுக்கு ஆண்பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அவர்களைக் கொண்டுவந்து இதே இடத்தில் கிடத்தித் தாண்டுங்கள், ராவுத்தரை நாங்களே இழுத்து வருகிறோம் என்றார். ஒருவேளை தலை எண்ணிக்கை மாறிவிட்டதை அவர் கண்டுகொண்டிருக்கலாம். எப்படியோ, சொல்ல வேண்டியதைச் சொன்னார். அர்த்தனாரிக்கு முகம் சுண்டிவிட்டது. என் பிள்ளைகளை எதற்கு இழுக்கிறீர்கள், இந்தக் காட்டுமிராண்டி வழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற வரைக்கும் நீங்களெல்லாம் உருப்படப் போவதில்லை என்று கத்தினான். அதுவரை சிங்கங்களாக இருந்தவர்கள் ஒரே நொடியில் காட்டுமிராண்டிகள் ஆகிவிட்டார்கள். அதை எல்லோரும் காதால் கேட்டார்கள்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். இருசாயி குறுக்கே போய் நின்றாள்.

"போறது போங்க. என்ற மவன் பேர இங்கயே உட்டுட்டுப் போங்க. அது உங்க வாயில கெடக்கறதுக்கு நான் பெக்கலீங்க."

அவன் விலகி நடந்தான். அவன் பின்னால் செங்கோடனும் இன்னும் சிலரும் போனார்கள். செங்கோடனுக்குப் பறிபோன நிலம் திரும்பி வரவில்லை, ஊரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் வேறு எங்கே போவான்? காப்பைக் கழற்றி ஓடையில் எறிந்தவர்கள் உண்டு. கழற்றாமல் துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டவர்களும் உண்டு. ராவுத்தர் மாசியில் வந்தார். பாதி வீட்டில் உப்பு வாங்கினார்கள், மீதி வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு நாளில் ஏற்றின விஷம் ஒரு நாளில் இறங்கிவிடுமா?

அவரிடமிருந்துதான் சேதி தெரிந்தது. மலையின் வடபுறம், குண்டூர் நாட்டில் அர்த்தனாரி புதுசாகப் பஜனை தொடங்கியிருக்கிறான். ஈச்சவளவில் விஷம் வைத்துக் கொல்லப்பட்ட ஒரு பையனின் கதையைச் சொல்லிக் காப்புக் கட்டுகிறான். பெற்றவளையே மிரட்டி வாயை அடைத்துவிட்டார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான்.

இருசாயி அப்போது சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையைச் சாத்திவிட்டு முகம் கழுவினாள். சென்றாயன், அங்கே நமக்கு யாரையும் தெரியாது, அடித்துப் போட்டால்கூடக் கேட்க ஆள் இல்லை என்று சொல்லிப் பார்த்தான். தெரியாவிட்டால் என்ன, என் பிள்ளையை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே என்றாள் அவள். சென்றாயன் பொன்னியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஜனை முடிந்து பேச்சு நடந்துகொண்டிருந்தது. அர்த்தனாரி குரல் தழுதழுக்க, சின்னராசு சின்னராசு என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்கள். இருசாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போனாள். அவளைக் கண்டதும் அவன் பேச்சு பாதியில் நின்றது. யாரம்மா நீ, எந்த வளவு என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அந்தப் புள்ளையப் பெத்தவ நாந்தானுங்க. அவன் காய்ச்சல்ல செத்தான். அவனப் பத்தி இன்னும் என்ன கேக்கோணுமோ, என்னையக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அர்த்தனாரிக்கு நேர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.